சேற்றில் கிடைத்த அச்சு

(தூத்துக்குடியிலிருந்து)

உள்ளதைச் சொல்கிறேன், டிசம்பர் பிறந்தாலே எனக்கு அடிவயிற்றில் புளியைக் கரைக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், ஸ்டார் கட்டணும், நாத்தனார் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும், தெரு முழுக்கப் பலகாரம் கொடுக்கணும். வட்டிக்கு வாங்கிச் செய்த வருஷமும் உண்டு. 25ஆம் தேதி காலையில் கோயிலில் போய் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

2023இல் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறுகூட வறுத்துத் திரித்தாயிற்று. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. மறுநாள் கட்டில் பாதி தண்ணீரில். பயற்றுமாவு, சர்க்கரை, புதுத்துணி எல்லாம் போச்சு. மாடி வீட்டு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கதவைத் திறந்துவிட்டார்கள். கரண்ட் இல்லாமல் அங்கேயே கிடந்தோம். தெருவுக்குள் மீன்பிடிப் படகு வந்து ஆட்களை ஏற்றிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

24ஆம் தேதி கீழே சேறு வழித்துக்கொண்டிருந்தபோது காலில் ஏதோ குத்தியது. அச்சுமுறுக்கு அச்சு. மாமியார் காலத்தது. "மாவு நம்ம வீட்ல இருக்கு, சுட்டுப்போடுளா" என்றார் லாத்தா. எனக்கு அழுகைதான் வந்தது. சரி, அவர்கள் விடுகிற ஆளில்லை.

அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால்வாசிதான் முக்கணும். முழுக்க முங்கினால் முறுக்கு கழன்று வராது. அன்றைக்குத் துரு வேறு. முதல் ஆறும் தூள் தூளாய் உதிர்ந்தது. ஏழாவது, அப்படியே பூப்போலக் கழன்று எண்ணெயில் மிதந்ததும் லாத்தா போட்ட குலவையில் பக்கத்து வீட்டு ஆள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்தது கருகிவிட்டது!

மொத்தம் 19 தேறியது. வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தோம். ராத்திரி கேரல் வந்த பையன்கள் நாலே பேர். டிரம் இல்லை, தாத்தா வேஷம் இல்லை, செல்போன் வெளிச்சத்தில் பாடினார்கள். அவர்களுக்கு மிஞ்சினது ஒன்றுதான். உடைத்துத் தின்றார்கள்.

(நாகர்கோவிலிலிருந்து)

அக்கா, எங்களுக்கு ஒரு வருஷம் கிறிஸ்துமஸே ஆஸ்பத்திரியில்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாகப் பேச்சில்லை. 24 ராத்திரி நைட் டூட்டி நர்ஸ் டிரிப்ஸ் கம்பியில் ஒரு காகித ஸ்டாரைக் கட்டிவிட்டுப் போனார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோணலா கெட்டிருக்கா" என்றாள். நான் போய் நேராக்கினேன். "இப்பவும் கோணல்தான்." விடியும் வரை நாலு தடவை அவிழ்த்துக் கட்டியிருப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்புறம், துருப்பிடித்த அச்சைப் புளி போட்டுத் தேய்த்து, ஒரு நாள் எண்ணெயில் ஊறவிடுங்கள்.

(தூத்துக்குடியிலிருந்து)

ஊறப்போட்டாச்சு தம்பி, இப்போது நன்றாகவே கழல்கிறது. போன டிசம்பரில் அச்சுமுறுக்கு மட்டும்தான் சுட்டேன். "முந்திரிக்கொத்து இல்லையா?" என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். இன்னொரு முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்தேன்.