அப்டேட் போட்டா பேட்டரி காலி! இனிமே போடணுமா வேணாமா?

ரைடர்_தண்டையார்பேட்டை:
மக்களே நான் சாப்பாடு டெலிவரி ஓட்றவன், தண்டையார்பேட்டைல ஆரம்பிச்சா ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மூலக்கடைன்னு சுத்தி ராத்திரி தான் வூட்டுக்கு. போன மாசம் போன்ல பெரிய சிஸ்டம் அப்டேட் ஒண்ணு வந்துச்சு, நான் ஓகே கூட குடுக்கல, சார்ஜ்ல போட்டுட்டு தூங்கிட்டேன், காலைல பாத்தா அதுவே போட்டுக்கினு ரீஸ்டார்ட் ஆகி நிக்குது. அன்னிலேர்ந்து மதியம் பிரியாணி டைம் முடியறதுக்குள்ள பேட்டரி சிவப்புக்கு வந்துருது, முன்னாடி சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அது கூட பரவால்ல, 30% காட்டும்போதே பொசுக்குனு ஆஃப் ஆவுது. சாப்பாடு பையில கீது, அட்ரஸ் போன்ல கீது, போன் செத்துப்போச்சுன்னா நான் யார்கிட்ட போய் கேக்கறது? லேட்டானா ரேட்டிங் அடி எனக்கு தான். அதனால சொல்றேன், பழைய போன் வெச்சிருக்கறவங்க ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணி வைங்க. எங்க ஸ்டாண்டுல இருக்கற பசங்க எல்லாருக்கும் நானே ஆஃப் பண்ணி குடுத்துட்டேன்.

எம்சி_ரோடு_சர்வீஸ்:
தம்பி உன் கஷ்டம் புரியுது, ஆனா ஸ்டாண்டுல எல்லாருக்கும் ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்ன பாரு, அதை மட்டும் ஒத்துக்கவே முடியாது. நான் வண்ணாரப்பேட்டைல பல வருஷமா போன் சர்வீஸ் பண்றேன், 30%ல ஆஃப் ஆவற போன் டெய்லி என் டேபிளுக்கு வருது, அதுல முக்காவாசி பேட்டரி வயசான கேஸ். லித்தியம் பேட்டரி பழசாக ஆக உள்ள ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட தடுக்கற தன்மை, ஏறிடும், நீ மேப், ஃபுல் வெளிச்சம், நெட்டுன்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட்டும்போது வோல்டேஜ் டக்குனு கீழ விழும், போன் உடனே ஆஃப் ஆயிடும். சார்ஜ் உள்ள இருக்கும், எடுத்துக் குடுக்க தெம்பு இருக்காது. சாதாரண போன் பேட்டரி எல்லாம் ஃபுல்லா 500 தடவை ஏறி இறங்கினா புதுசுல இருந்த அளவுல 80 சதவீதம் தான் பிடிக்கும், அதுவும் நல்லா வெச்சிருந்தா. உன்ன மாதிரி ஓட்றவங்க ஒரே நாள்ல ஒரு ஃபுல் சார்ஜுக்கு மேல காலி பண்ணுவீங்க, அப்ப ஒண்ணரை வருஷத்துலயே அந்த கணக்கு முடிஞ்சிரும். இதுல நீங்க போனை ஹேண்டில்பார் ஹோல்டர்ல மாட்டி மே மாச வெயில்ல நேரா காய வெச்சு அதே நேரத்துல வண்டியிலேர்ந்து சார்ஜும் போட்றீங்க, பேட்டரிய கொல்றதுக்கு அதை விட வேற வழி வேணாம். சூடும் ஃபுல் சார்ஜும் ஒண்ணா சேரக்கூடாது.

ரைடர்_தண்டையார்பேட்டை:
அண்ணா வெயில்ல மாட்டாம நான் எங்க மாட்றது? மேப் பாக்காம சந்து சந்தா எப்படி போறது? வேலையே அது தானே. போன் வாங்கி ரெண்டு வருஷம் ஆவப்போவுது, வெயில் எல்லா நாளும் தான் அடிச்சுது, அப்டேட்டுக்கு மொத நாள் வரைக்கும் நல்லா இருந்த பேட்டரி மறுநாள் எப்படி வயசாவும்? ஒரே ராத்திரில கெழவன் ஆயிடுமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மணலி_ஷிஃப்ட்:
ரைடர் ப்ரோ கேக்கறது தான் கரெக்ட். சர்வீஸ் அண்ணா, கம்பெனிங்க அப்டேட் மூலமா போனை ஸ்லோ பண்ணதும் பேட்டரிய குறைச்சதும் வதந்தி இல்ல, அவங்களே ஒத்துக்கிட்ட விஷயம். 2017 ஜனவரில ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1னு ஐபோனுக்கு ஒரு அப்டேட் விட்டாங்க, அதுக்கு அப்புறம் பழைய ஐபோன் மந்தமாச்சு, ஜனங்க கத்தி கத்தி கேட்ட பிறகு தான் டிசம்பர்ல ஆமா பழைய பேட்டரி திடீர்னு ஆஃப் ஆகாம இருக்க ஸ்பீட குறைச்சோம்னு சொன்னாங்க. இத்தாலில 2018ல ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ ஃபைன், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ, சாம்சங் கேஸ் என்னன்னா நோட் 7க்கு செஞ்ச அப்டேட்ட பழைய நோட் 4ல போட சொல்லி தள்ளினது. ஃபிரான்ஸ்ல 2020ல ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ. ரொம்ப பழைய கதை வேணாம்னா 2025 ஜனவரில கூகிள் பிக்சல் 4ஏக்கு விட்ட அப்டேட்ட பாருங்க, சில போன்ல பேட்டரி கொள்ளளவையே குறைச்சுட்டாங்க, ஆளுங்க ஒரே ராத்திரில பாதி பேட்டரியோட எழுந்தாங்க. அப்ப எங்க ஆளு ஒருத்தன் அப்டேட் வேணாம்னு சொன்னா அவன் விவரம் தெரியாதவனா?

எம்சி_ரோடு_சர்வீஸ்:
விவரம் தெரியாதவன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. நீ சொன்ன ஒவ்வொண்ணையும் முழுசா சொல்லு. ஆப்பிள் பண்ண தப்பு சொல்லாம பண்ணது, அதுக்கு ஃபைன் வாங்கினது நியாயம், ஆனா எதுக்காக பண்ணாங்க? பேட்டரி வயசாகி போன் திடீர்னு ஆஃப் ஆனதால. நான் மொதல்ல சொன்ன அதே வியாதி தான். பேட்டரி மாத்தினவங்களுக்கு ஸ்பீடு திரும்பி வந்துச்சு. பிக்சல் 4ஏலயும் பேட்டரி சூடாவற பிரச்சனைக்காக தான் குறைச்சாங்க, இலவசமா மாத்தித் தரோம் இல்லன்னா காசு தரோம்னு சொன்னாங்க. ரைடர் தம்பி கேட்டதுக்கு வரேன். பெரிய அப்டேட் போட்டா மொத ரெண்டு மூணு நாள் போன் உள்ளுக்குள்ள எல்லா ஆப்பையும் புதுசா தயார் பண்ணும், கேலரில இருக்கற போட்டோ எல்லாத்தையும் திரும்ப ஸ்கேன் பண்ணும், அப்ப சூடாவும் சார்ஜ் குடிக்கும், அது தானா அடங்கிடும். அடங்கலன்னா புது வெர்ஷன் கொஞ்சம் கூட வேலை வாங்குது, தளந்த பேட்டரி அந்த லோடு தாங்கல. நேத்து வரைக்கும் லேசான மூட்டை தூக்கினதால தெரியல, அவ்ளோ தான். பேட்டரி மாத்து, சரியாயிடும்.

ரைடர்_தண்டையார்பேட்டை:
அந்த மூட்டைய ஏத்தினது யாரு அண்ணா? நான் கேட்டனா? 3 ஜிபி ரேம் போன்ல புது டிசைன், புது அனிமேஷன், கூடவே நான் போடாத நாலஞ்சு கேம் ஆப்பு, அதெல்லாம் எனக்கு எதுக்கு? இன்னொரு விஷயம், அப்டேட்டுக்கு அப்புறம் டெலிவரி ஆப்போட பேட்டரி செட்டிங் பழையபடி மாறிடுச்சு, நான் தடையில்லாம ஓடட்டும்னு வெச்சிருந்தேன், அது மாறினதால ஸ்க்ரீன் ஆஃப் ஆனா ஆப்ப தூங்க வெச்சிருது, ஆர்டர் சவுண்டே வர்ல. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் பூரா கடை வாசல்ல சும்மா நின்னுகினு இருந்தேன், பக்கத்துல நிக்கறவனுக்கு டொய்ங் டொய்ங்னு வருது. பேட்டரி மாத்துன்னு ஈசியா சொல்றீங்க, நல்லது போடணும்னா ஆயிரத்துக்கு மேல ஆவும், அந்த துட்டுக்கு நான் ரெண்டு நாள் ஓட்டணும்.

காசிமேடு_பொண்ணு:
எல்லாரும் பேட்டரிய பத்தியே பேசறீங்க, அப்டேட் இல்லன்னா என்ன நடக்கும்னு யாரும் சொல்லல. எங்க தெருவுல ஒரு மாமாவுக்கு வாட்ஸாப்ல வண்டி ஃபைன் சலான்னு ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா இன்ஸ்டால் ஆவற ஆப், வந்துச்சு, ஆர்டிஓ பேரு, லோகோ எல்லாம் அசல் மாதிரியே இருந்துச்சு. தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டாரு, அது கேட்டதுக்கெல்லாம் அலோ குடுத்தாரு, அப்புறம் மெசேஜ் எல்லாம் அவனுங்களுக்கு போயிருக்கு, ஓடிபி உள்பட. மீன்பிடி தடைக்காலத்துல செலவுக்கு வெச்சிருந்த பணம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் படகு கடலுக்கு போவாது இல்ல, அந்த 61 நாளுக்கு வெச்சிருந்தது. சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும்னே அவருக்கு தெரியல, நாங்க சொல்லி பண்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு. அவர் போன் அப்டேட் நின்னு போன பழைய போன். ரைடர் அண்ணா, உங்க ஸ்டாண்டுல யாருக்காச்சும் இப்படி ஆனா நீங்க என்ன சொல்வீங்க?

ரைடர்_தண்டையார்பேட்டை:
ரொம்ப கஷ்டமா கீது மா. ஆனா ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காத, அவரே தொட்டு அவரே அலோ குடுத்தா அதுல அப்டேட் இன்னா பண்ணும்? புது போன்லயும் ஏபிகே இன்ஸ்டால் ஆவத்தான் செய்யுது. அது தெரியாதத தொடாதன்னு சொல்லித்தர விஷயம், அப்டேட் விஷயம் இல்ல.

எம்சி_ரோடு_சர்வீஸ்:
இல்ல தம்பி, இங்க அப்டேட்டுக்கு வேலை இருக்கு. ஆண்ட்ராய்டு 13லேர்ந்து வெளிய இருந்து வந்த ஏபிகேக்கு ஆக்சஸிபிலிட்டியும் (ஸ்க்ரீன்ல இருக்கறத படிச்சு, தானே தட்டற அனுமதி) நோட்டிஃபிகேஷன் படிக்கற அனுமதியும் ஈசியா கிடைக்காது, நேரா போய் தட்டினா ஆன் ஆவாது, தடுத்து நிறுத்தும். பழைய வெர்ஷன்ல அந்த தடையே கிடையாது. தாண்டவே முடியாதுன்னு சொல்லல, ஆனா மாமா மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஒரு தடை போதும், என்னமோ தப்பா இருக்குதேன்னு யோசிக்க நேரம் கிடைக்கும். அப்புறம் நீ தொடாமலே வர ஆபத்தும் இருக்கு. 2019 மே மாசம் வாட்ஸாப்ல ஒரு ஓட்டை, கால் வந்தாலே போதும், நீ எடுக்காட்டி கூட உளவு ஆப் உள்ள வந்துரும், அப்ப அதுக்கு மருந்து ஆப்ப அப்டேட் பண்றது தான். ஜிபே, போன்பே வெச்சு தான் இன்னிக்கு டீக்கடைல கூட காசு குடுக்கறோம், அந்த போன்ல பூட்டே போட மாட்டேன்னு சொல்ற நீ. உனக்கு அப்டேட் மேல கோவம் இருந்தா ரெண்டா பிரிச்சுக்க. மாசா மாசம் வர செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைய அடைக்கற அப்டேட், சின்னது, அது பொதுவா பேட்டரிய ஒண்ணும் பண்ணாது, அதை கண்டிப்பா போடு. வெர்ஷனே மாத்தற பெரிய அப்டேட் வந்தா ஒரு மாசம் பொறு, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு போடு. ஆப் அப்டேட் வைஃபைல மட்டும்னு ப்ளே ஸ்டோர்ல வெச்சுக்க.

மணலி_ஷிஃப்ட்:
பிரிச்சுக்கன்னு சொல்றீங்க, எங்க பிரிக்க விடறாங்க? பெரிய அப்டேட்ட போடாம வெச்சா பாதி போன்ல அதுக்கப்புறம் பேட்சே வராது, பேட்ச் வேணும்னா அதையும் சேத்து முழுங்குன்றான். போட்டப்புறம் பிடிக்கலன்னா பழைய வெர்ஷனுக்கு திரும்பவும் வழி இல்ல, போன அழிச்சு லேப்டாப்ல போட்டு என்னென்னமோ பண்ணணும், சில கம்பெனி அதையும் பூட்டி வெச்சிருக்கான். அண்ணா நீங்க நல்ல எண்ணத்துல தான் சொல்றீங்க, ஆனா ஜனங்க அப்டேட்ட கண்டு பயப்படறதுக்கு காரணமே இந்த வேலை தான்.

எம்சி_ரோடு_சர்வீஸ்:
அதுல உன் பக்கம் நியாயம் இருக்கு, திரும்பிப் போற வழி கண்டிப்பா குடுக்கணும். ஆனா குடுக்கலைங்கறதுக்காக பேட்சே வேணாம்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன்.

பெரம்பூர்_லோகோ:
நடுவுல வரேன். பேட்டரி மாத்தறவங்க கவனமா இருங்க, பர்மா பஜார்ல ஆகட்டும் வேற எங்க ஆகட்டும், ஸ்டிக்கர்ல 6000 எம்ஏஎச்னு அடிச்சு ஒரிஜினல் சைஸ்லயே விப்பான், ஒரிஜினல்லயே 5000 தான் இருக்கும், அதே இடத்துல 6000 எப்படி வரும்? போன் பின்பக்கம் தூக்கிட்டு நின்னா பேட்டரி உப்பியிருக்கு, அப்ப சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, நேரா சர்வீஸ்க்கு கொண்டு போங்க. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர்ல எங்க ஏரியால கரண்ட் இல்லாம கிடந்தோமே, அப்ப ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசல்ல போன் சார்ஜ் போட வரிசை நின்னுச்சு, தளந்த பேட்டரி வெச்சிருந்தவங்க தான் மொதல்ல தொடர்பு இல்லாம போனாங்க. வயசானவங்க இருக்கற வீட்ல பேட்டரி செலவு வீண் செலவு இல்ல.

ரைடர்_தண்டையார்பேட்டை:
சரி பேட்டரி மாத்தறேன், வேற வழி இல்ல. 80%லயே சார்ஜ நிறுத்தினா பேட்டரி நாள் கூட உழைக்கும்னு சில பேர் சொல்றாங்க, அது வீட்ல இருக்கறவங்களுக்கு சரி, எனக்கு 100 வெச்சாலே பத்தல. ஆனா ஸ்டாண்டுல ஆஃப் பண்ணத நான் திரும்ப ஆன் பண்ண மாட்டேன் அண்ணா, சின்ன பேட்ச் வந்தா கைல போட சொல்றேன், பெருசு வந்தா என்ன கேக்காம போடாதன்னு சொல்றேன். ராத்திரில நான் தூங்கும்போது என் போன்ல யாரும் கை வெக்கக்கூடாது, அதுல நான் மாற மாட்டேன்.

காசிமேடு_பொண்ணு:
சர்வீஸ் அண்ணா, எங்க அப்பா போனுக்கு ஒரு வழி சொல்லுங்க. கடலுக்கு எடுத்துட்டு போவாரு, சிக்னல் இல்லாத இடத்துல போன் டவர் தேடித் தேடியே பேட்டரி தீந்துருது, ஃப்ளைட் மோடுல போட சொல்லிட்டேன், ஜிபிஎஸ் அதுலயும் வேலை செய்யுது, இப்ப பரவால்ல. ஆனா அபௌட் போன்ல போய் பாத்தா செக்யூரிட்டி பேட்ச் 2022ல நிக்குது. பேட்டரி மாத்தவா, போன மாத்தவா?

எம்சி_ரோடு_சர்வீஸ்:
கடலுக்குன்னா அந்த போன் போதும்மா, பேட்டரி மட்டும் மாத்து. ஆனா பேட்ச் நின்னு போன போன்ல பேங்க் ஆப், ஜிபே எதுவும் வேணாம், எல்லாத்தையும் எடுத்துரு. பணம் சம்பந்தப்பட்டது உன் போன்ல இருக்கட்டும்.

காசிமேடு_பொண்ணு:
பேங்க்ல அப்பா நம்பர் தான் குடுத்திருக்கோம் அண்ணா, ஓடிபி அந்த சிம்முக்கு தான் வரும், அந்த சிம் அந்த போன்ல தான் இருக்கு.

எம்சி_ரோடு_சர்வீஸ்:
அப்ப அந்த சிம்ம ஒரு பட்டன் போன்ல போட்டு வீட்ல வை, கடலுக்கு வேற சிம் போட்டுக்கட்டும்.

மணலி_ஷிஃப்ட்:
பாத்தீங்களா, பேட்ச் நிறுத்தினது கம்பெனி, இன்னொரு போனும் இன்னொரு சிம்மும் வாங்கறது மீன் பிடிக்கறவர். ஐரோப்பால 2025 ஜூன் 20லேர்ந்து விக்கற போனுக்கு 800 தடவை ஃபுல்லா ஏறி இறங்கின அப்புறமும் 80 சதவீதம் பேட்டரி நிக்கணும், மாடல் விக்கறது நின்ன பிறகும் 5 வருஷம் அப்டேட் தரணும்னு சட்டம் போட்டுட்டாங்க. இங்கிலாந்துல எவ்ளோ நாள் செக்யூரிட்டி அப்டேட் வரும்னு சொல்லித்தான் விக்கணும், 2024 ஏப்ரல்லேர்ந்து. இங்க டப்பா மேல எம்ஆர்பி போடறான்ல, அது பக்கத்துல பேட்ச் எந்த வருஷம் வரைக்கும்னு ஒரு வரி அச்சடிக்க என்ன கஷ்டம்? அது இருந்திருந்தா அப்பா இந்த போனையே வாங்கியிருக்க மாட்டாரு.

ரைடர்_தண்டையார்பேட்டை:
இதுக்கு நான் ரெண்டு கையும் தூக்கறேன். அடுத்த போன் வாங்க போவும்போது கடைக்காரன்கிட்ட கேமரா எவ்ளோன்னு கேக்க மாட்டேன், பேட்ச் எது வரைக்கும்னு தான் மொதல்ல கேப்பேன், ஸ்டாண்டுல பசங்களையும் கேக்க சொல்றேன். சர்வீஸ் அண்ணா, நாளைக்கு மதியம் ரஷ் முடிஞ்சதும் கடைக்கு வரேன், நல்ல பேட்டரி எடுத்து வைங்க.