சோளகம் முகத்துக்கு வீசேக்க கீப்பர் என்ன செய்யோணும்?

குளக்கட்டு 7, முள்ளியவளை

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்க் கழகத்தின்ர இளையோர் உதைபந்தாட்ட ரீமுக்கு மூண்டு வருசமா நான்தான் பயிற்சி குடுக்கிறன். போன ஞாயிறு அரையிறுதியில தோத்திட்டம். தோல்வி பெரிசில்லை. எங்கட கீப்பர் தம்பிக்கு நடந்ததுதான் நித்திரை கொள்ள விடுதில்லை.

முதல் பாதி காத்து எங்களுக்குப் பின்னால. 1-0 எண்டு முன்னுக்கு நிண்டம். இரண்டாம் பாதியில சோளகக் காத்து முகத்துக்கு. ஆடி மாதச் சோளகத்தைப் பற்றி வன்னி ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீப்பர் எவ்வளவு ஏத்தி அடிச்சாலும் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. மேல போய் நிண்டு, திரும்பி, எங்கட தண்டப் பெட்டிக்கு முன்னாலயே விழும். விழுற ஒவ்வொண்டையும் அவங்கட உயரமான பெடியன் தலையால எடுத்தான். மூண்டு தரம் இப்பிடி நடக்க, நான் கோட்டுக்கு வெளியில நிண்டு கத்தினன், "ஏத்தாதை, பக்கத்தில குடு!" எண்டு. அவன் நான் சொன்னதைத்தான் செய்தான். இடப்பக்கச் சென்ரர் பாக்குக்கு (நடுப் பின்வரிசையில நிண்டு தடுக்கிறவனுக்கு) நிலத்தோட குடுத்தான். அந்த வெளியில மாடு மேயிறது. மாரியில பதிஞ்ச குளம்படி அப்பிடியே காய்ஞ்சு கல்லாக் கிடக்கு. பந்து அதில பட்டு எகிறி, வாங்க நிண்ட எங்கட சென்ரர் பாக்கின்ர முழங்காலில மோத, அவங்கட போர்வேட் ஓடி வந்து வெறும் கோலுக்குள்ள தட்டிவிட்டான். 1-1. பிறகு தண்ட உதையில 4-3.

அந்தத் தண்ட உதையில எங்கட பெடியன் ஒண்டைத் தடுத்தவன். வலப்பக்கம் பாய்ஞ்சு விரல் நுனியால. அதை ஒருத்தரும் கதைக்கேல்லை. லான்ட்மாஸ்ரரில (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில) திரும்பி வரேக்க இழுவைப் பெட்டி மூலையில தனிய இருந்தவன், தன்ர ஒழுங்கையில இறங்கேக்க கையுறையைக் கழற்றி என்ர கையில வைச்சிட்டுப் போட்டான். 17 வயசு.

இப்ப நிர்வாகம் கீப்பரை மாத்தச் சொல்லுது. "ரிவியில பார்க்கிறதை இஞ்ச விளையாட வெளிக்கிட்டால் இப்பிடித்தான்" எண்டார் மூத்த ஒருத்தர். நான் மன்செஸ்ரர் சிற்றி ரசிகன் எண்டு ஊருக்கே தெரியும். 2016 இல பயிற்றுநராக் கார்டியோலா வந்த கையோட, காலால பந்து குடுத்து விளையாடுற கீப்பர் வேணுமெண்டு, ஜோ ஹார்ட்டை ரொரினோவுக்கு இரவல் குடுத்திட்டு பார்சலோனாவில இருந்து பிராவோவை எடுத்தார். அது சரி எண்டு சந்தியில நிண்டு வாதாடினவன் நான். பிராவோ முதல் ஆட்டத்திலயே, ஓல்ட் ட்ரபர்டில, பந்தைக் கையால நழுவவிட்டு இப்ராஹிமோவிச்சுக்கு ஒரு கோல் குடுத்தார். ஒக்ரோபரில கம்ப் நூவில பாஸைப் பிழையாக் குடுத்து, பெட்டிக்கு வெளியில பந்தைக் கையால தடுத்து, சிவப்பு மட்டை வாங்கினார். அந்த ஆட்டம் 4-0. அந்தப் பருவத்தில சிற்றிக்கு ஒரு கிண்ணமும் இல்லை. 2017 இல எடர்சன் வந்தார். அந்தப் பருவம் 100 புள்ளி. "முறை சரி, ஆள்தான் பிழை" எண்டு அப்ப நான் சொன்னன். இப்ப நிர்வாகம் இந்தப் பெடியனைப் பற்றி அதே வசனத்தைத்தான் எனக்குச் சொல்லுது. தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்குது.

எங்கட நிலத்தில பின்னுக்கிருந்து குடுத்து விளையாடுறது சரியோ? பெடியனை மாத்தலாமோ? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

---

பரந்தன் சிவப்பு

நான் மன்செஸ்ரர் யுனைற்றெட் ரசிகன். உங்கட பெடியனைப் பற்றி வாசிக்க எங்கட பழைய கீப்பர் டி கேயாதான் கண்ணுக்குள்ள வந்தார். 12 வருசம் நிண்ட மனுசன். 2023 ஏப்ரலில செவில்லாவிட்ட 3-0 தோத்ததைச் சாமத்தில எழும்பி இருந்து பார்த்தனான். தொடக்கத்திலயே அவர் மக்வயருக்குக் குடுத்த பந்து நெருக்கத்தில பறிபோய் என்-நெசிரி அடிச்சார். கடைசிக் கோலும் அப்பிடித்தான், பெட்டிக்கு வெளியில வந்து பந்தை அடக்கேலாமல் விட்டார். அதே பருவத்தில 17 ஆட்டத்தில கோலே விடாமல் லீக்கின்ர தங்கக் கையுறை வாங்கினவரும் அவர்தான். அந்தக் கோடையில அனுப்பிப் போட்டாங்கள்.

பயிற்றுநர் ரென் ஹாக், காலால விளையாடுவார் எண்டு ஒனானாவை எடுத்தார். வந்தவர் கையால விட்டார். பயேர்னோட சானே அடிச்ச பந்து கைக்குக் கீழால போச்சு. கலற்றாசராயில சியெக்கின்ர இரண்டு நேரடி உதை, 3-3. சம்பியன்ஸ் கிண்ணக் குழுவில கடைசி.

கீப்பர் முதல்ல கையால கீப்பரா இருக்கோணும். தண்ட உதையைத் தடுக்கிற பெடியனை விடாதையுங்கோ. குட்டிப் பாஸை விடுங்கோ.

---

மல்லாவிப் பெடியன்

காத்துக்கு எதிரா ஏத்தி அடிக்கிறதும் பிழை, நடுவில குடுக்கிறதும் பிழை. தாழ, பக்கக் கோட்டை நோக்கி அடிக்கச் சொல்லுங்கோ. வெளியில போனால் போகட்டும். அவங்கள் த்ரோ எடுக்கிறதுக்குள்ள எல்லாரும் இடத்துக்கு வந்திடலாம்.

---

பழைய கையுறை, வற்றாப்பளை

தம்பி குளக்கட்டு, நான் 80களின்ர கடைசியில இந்தப் பக்கத்து வெளிகளில கீப்பர் நிண்டவன். அப்ப எங்கட ஆள் பின்னுக்குத் தட்டுற பந்தைக் குனிஞ்சு கையால எடுக்கலாம். முன்னுக்கு நிண்டமெண்டால் கடைசிப் பத்து நிமிசமும் அதுதான் விளையாட்டு. 1990 உலகக் கிண்ணத்தில உலகமே அதைப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. 1992 இல சட்டத்தை மாத்தினாங்கள், காலால வேணுமெண்டு தாற பந்தைக் கீப்பர் கையால தொடக்கூடாது எண்டு. கீப்பருக்குக் கால் தேவை எண்டு வந்தது அண்டைக்கு. கார்டியோலா அப்ப பார்சலோனாவில விளையாடிக்கொண்டிருந்த பெடியன். 2019 இல இன்னொண்டு வந்துது, கோல் உதையைப் பெட்டிக்குள்ள நிக்கிற எங்கட ஆளுக்கே குடுக்கலாம் எண்டு. அதால உம்மட நிர்வாகத்து மூத்தவரிட்டச் சொல்லும், இது ரிவி விளையாட்டில்லை, சட்டப் புத்தகத்தில இருக்கிற விளையாட்டு எண்டு.

இனி நிலத்தின்ர கதை. 2006 ஒக்ரோபர், சாகிரெப். இங்கிலாந்து குரோசியாவோட விளையாடுது. கரி நெவில் பின்னுக்குத் தட்டின சாதாரண பந்து. கீப்பர் ரொபின்சன் உதைக்கக் காலை வீசுறார், பந்து ஒரு மேட்டில பட்டு எகிறி அவற்ற காலுக்கு மேலால கோலுக்குள்ள போகுது. உம்மட பெடியனுக்கு நடந்ததுக்கு அது கூடப்பிறந்த சகோதரம். 2-0 தோல்வி. அடுத்த வருசம் நவம்பரில வெம்பிளியில அதே குரோசியா. இங்கிலாந்துப் பயிற்றுநர் மக்லாரன் ரொபின்சனை இருத்திப்போட்டு 22 வயசுக் கார்சனை இறக்கினார். புள்ளிக்கான ஆட்டத்தில நாட்டுக்காக அவர் இறங்கினது அதுதான் முதல் தரம். தொடக்கத்திலயே கிரஞ்ச்சார் தூரத்திலயிருந்து அடிச்சதைக் கார்சன் விட்டார். 3-2. இங்கிலாந்து 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்கே போகேல்லை, அடுத்த நாள் மக்லாரனுக்கு வேலை இல்லை. கீப்பரை மாத்திறது லேசான காரியமில்லை. புதுசா வாற பிள்ளை பழைய பிள்ளையின்ர பயத்தையும் சேர்த்துத்தான் சுமக்கும்.

லிவர்பூல் பயிற்றுநரா இருந்த கிளொப்பையும் பாரும். 2018 செப்ரெம்பரில லெஸ்ரரோட அவற்ற கீப்பர் அலிசன் பந்தை வைச்சு வெட்டப் போய் இஹனாச்சோவிட்டப் பறிகுடுத்தார், கோல். லீக் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகேல்லை. கிளொப் விட்டுக்குடுக்கேல்லை. டிசெம்பரில நாப்பொலியோட கடைசி நேரத்தில மிலிக் அடிச்சதை அலிசன் தடுத்ததாலதான் 1-0 எண்டு லிவர்பூல் குழுவைத் தாண்டிச்சு. அடுத்த ஜூனில சம்பியன்ஸ் கிண்ணம்.

இப்ப செய்ய வேண்டியது. ஆட்டத்துக்கு முதல் கீப்பரும் இரண்டு சென்ரர் பாக்கும் சேர்ந்து தங்கட பெட்டியை நடந்து பார்க்கோணும், எந்தப் பக்கம் பந்து நேரா ஓடும், எந்தப் பக்கம் குதிக்கும் எண்டு. அந்த ஞாயிறு இடப்பக்கம் குளம்படி எண்டால் வலப்பக்கம் குடுத்திருக்கலாம். கோலுக்கு நேர முன்னால குறுக்க ஒருநாளும் குடுக்கக்கூடாது. திருப்பி வாங்கேக்க கீப்பர் கம்பத்துக்கு வெளிப்பக்கம் போய் நிண்டு கேக்கோணும், பந்து தப்பினாலும் கோணர் உதைதான், கோல் இல்லை. கையில பந்து இருக்கேக்க சோளகத்துக்கை உதைக்கவே தேவையில்லை, கையால உருட்டிக் குடுக்கட்டும். இதெல்லாம் இரண்டு கிழமையில பழக்கலாம்.

கடைசியா ஒண்டு கேக்கிறன். "பக்கத்தில குடு" எண்டு நீர் கத்தினதை நிர்வாகத்துக்குச் சொன்னனீரோ? அந்த லான்ட்மாஸ்ரரில இருந்த பெடியளுக்குச் சொன்னனீரோ?

---

நாலாம் இலக்கம், புதுக்குடியிருப்பு

அண்ணா, நான் பள்ளிக்கூட ரீமில சென்ரர் பாக் விளையாடினனான். எல்லாரும் கீப்பரைப் பற்றியே கதைக்கிறீங்கள், பந்தை வாங்கின தம்பி எப்பிடி நிண்டவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. முழங்காலில பட்டது எண்டால் அவர் பந்து வருமட்டும் காத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். எங்கட நிலத்தில அப்பிடி நிக்கேலாது. பந்தைப் பார்த்து இரண்டடி முன்னுக்குப் போய், உடம்பைப் பாதி திருப்பி, மைதானத்தைப் பார்க்கிற மாதிரி எடுக்கோணும். முன்னுக்குப் போனால் பந்து ஓடுற தூரம் குறையும், குதிக்கிறதுக்கு இடமிருக்காது. எனக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, தாடையில பந்து பட்டுப் பட்டுத்தான் பழகினனான்.

ஜோன் ஸ்ரோன்சும் சிற்றிக்கு 2016 இலதான் வந்தவர். இடையில கனநாள் மாற்று ஆக்களின்ர வாங்கில இருந்தவர். 2023 இஸ்தான்புல் இறுதியாட்டத்தில பின்வரிசை ஆள் நடுக்களத்தில நிண்டு விளையாடினார். ஏழு வருசம் அண்ணா. உங்கட தம்பிமாருக்கு இரண்டு கிழமையாவது குடுங்கோ.

எதிராளியையும் பாருங்கோ. கொம்பனி பயிற்றுவிச்ச பேர்ன்லி இரண்டாம் பிரிவில இப்பிடி விளையாடி 101 புள்ளி எடுத்தது. அடுத்த பருவம் பிரீமியர் லீக்கில கிட்டத்தட்ட அதே விளையாட்டு, 24 புள்ளியோட இறங்கிச்சு. ஓடி வந்து நெருக்கிற ரீமோட எப்ப விடோணும் எண்டதையும் பயிற்றுநர்தான் சொல்லோணும்.

---

பரந்தன் சிவப்பு

தங்கச்சி சொன்னது சரி, நான் டிஃபென்டரை யோசிக்கேல்லை. ஆனா குளக்கட்டுத் தம்பிக்கு ஒண்டு. 2025 இல பாரிஸ் கழகத்துக்குச் சம்பியன்ஸ் கிண்ணம் எடுத்துக் குடுத்த கீப்பர் டொனருமாவை, கால் காணாது எண்டு பயிற்றுநர் லூயி என்றிக்கே விட்டிட்டு லீலில இருந்து செவாலியேயை எடுத்தார். அந்த டொனருமாவை வாங்கினது ஆர்? உங்கட கார்டியோலா. எடர்சன் போன இடத்துக்கு, கையை நம்பி. பெரிய மனுசனே தன்ர முறையைக் கையில இருக்கிற ஆளுக்கேத்த மாதிரி வளைக்கிறார். பெடியனை வைச்சிருங்கோ, முறையை அவனுக்கேத்த மாதிரிச் செய்யுங்கோ.

---

குளக்கட்டு 7, முள்ளியவளை

எல்லாருக்கும் நன்றி. பழைய கையுறை ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அண்டைக்கு என்னட்டப் பதில் இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. லான்ட்மாஸ்ரரிலயும் வாய் திறக்கேல்லை.

நேற்று வாசிகசாலையில நிர்வாகக் கூட்டம். எழும்பிச் சொன்னன், பெடியன் தன்ர எண்ணத்துக்குக் குடுக்கேல்லை, நான் கத்தினதாலதான் குடுத்தவன், மாத்திறதெண்டால் முதல்ல என்னை மாத்துங்கோ எண்டு. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு அந்த மூத்தவர்தான் கேட்டார், "இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" எண்டு. ஞாயமான கேள்வி. அடுத்த சுற்றுப்போட்டிக்கும் அவன்தான் கீப்பர் எண்டு முடிவாச்சு.

அப்பிடியே அவன்ர வீட்டுக்குப் போனன். மாட்டுக்குத் தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டவன். கூட்டத்தில சொன்னதை அவன்ர தாய்க்கு முன்னாலயே திரும்பச் சொல்லிக் கையுறையைக் குடுத்தன். வாங்கினான். இடப்பக்கச் சென்ரர் பாக் தன்னோட கோவமோ எண்டுதான் முதல் கேட்டான். அந்தத் தம்பியும் நாலு நாளா இதையேதான் என்னட்டக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

கம்பத்துக்கு வெளிப்பக்கம் போய் நிண்டு வாங்கிறதை இண்டைக்குப் பழக்கினம். தங்கச்சி சொன்ன இரண்டடியையும். முதல் அரை மணித்தியாலம் ஒண்டும் சரிவரேல்லை, பிறகு கொஞ்சம் பிடிபட்டுது. அடுத்த சுற்றுப்போட்டி எங்கட வெளியிலதான். எங்கட பெட்டிக்குள்ளயும் குளம்படி கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரையும் மண்வெட்டியோட வரச் சொல்லியிருக்கிறன், தண்ணி ஊத்தி இளக்கித்தான் வெட்டோணும். இடப்பக்கச் சென்ரர் பாக் இரண்டு மண்வெட்டி கொண்டு வாறானாம், ஒண்டு கீப்பருக்கு.