அடக்கி வைக்கும் குழந்தை: மலச்சிக்கலும் அதன் நீண்ட வைத்தியமும், உங்கள் அனுபவம் என்ன?

காவிரிக்கரை எழுதியது:

என் மகளுக்கு மூன்றரை வயதில் காய்ச்சல் வந்து போனதும் மலம் ஒருமுறை கட்டியாகப் போய், ஆசனவாயில் வெடிப்பு விழுந்து, ரத்தம் கண்டது. அதன் பிறகு அவள் கழிவறைப் பக்கமே வர மறுத்துவிட்டாள். இந்தக் கதையின் முன்பகுதி இங்கே பலருக்கும் தெரிந்ததே என்பதால் அதை விட்டுவிட்டு, இன்றுவரை என் மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவரின் அறையில் அமர்ந்திருந்தபோதே அவளுக்கு வயிறு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, குதிகால்களைத் தூக்கி, கால்களை ஒன்றோடொன்று பின்னி, பிட்டத்தை இறுக்கி, முகம் சிவக்க விறைத்து நின்றாள். "பாவம், முக்குகிறாள், வரவில்லை" என்றார் உடன் வந்திருந்த என் மாமியார். மருத்துவர் எழுந்து வந்து சற்று நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "இவள் முக்கவில்லை அம்மா, வருவதை உள்ளே தள்ளுகிறாள். முக்குகிற குழந்தை குந்த முயலும், இப்படி விறைத்து நிற்காது" என்றார். பிறகு அவளைப் படுக்க வைத்து, என் கையைப் பிடித்து அவளுடைய தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக அழுத்திக் காட்டினார். தோலுக்கு அடியில் உருண்டையாக, விரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழும்படி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அது கட்டியன்று, நாட்கணக்கில் தேங்கிய மலம் என்று அவர் சொன்ன பிறகும் என் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

வலிக்குப் பயந்து குழந்தை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் பருத்துக் கெட்டியாகிறது. அடுத்த முறை இன்னும் அதிகமாக வலிக்கிறது. இந்தச் சுற்றை உடைப்பதற்காகத்தான் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கிப் பொடியை முதல் சில நாட்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துத் தேங்கியதை வெளியேற்ற வேண்டும் என்றும், அதன் பிறகு அளவைக் குறைத்து மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். என் மகள் நின்ற அந்த நிலையை உங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறீர்களா?

நெல்லைத் தந்தை எழுதியது:

பார்த்திருக்கிறேன் சகோதரி. என் மகன் கதவுக்குப் பின்னால் போய் நிற்பான். ஆனால் எங்களுக்கு வேறொரு வடிவத்தில்தான் அது பெரிய தொல்லையாக வந்தது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவனுடைய உள்ளாடையில் தினமும் குழம்பு போல மலம் கசிந்திருந்தது. வயிற்றுப்போக்கு என்று பள்ளியில் சொன்னார்கள். மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் மாலை அவனை அழைத்துவரப் போயிருந்தபோது, நனைந்த உள்ளாடையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். வண்டியில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவன் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "அப்பா, சத்தியமா எனக்குத் தெரியவே இல்லப்பா" என்றான்.

அவன் சொன்னது உண்மை. மலக்குடல் மாதக்கணக்கில் விரிந்தே கிடந்ததால், நிறைந்துவிட்டது என்ற உணர்வே அதற்கு மழுங்கிப்போயிருந்தது. உள்ளே அடைத்துக்கொண்டிருந்த கெட்டி மலத்தைச் சுற்றி, மேலிருந்து வந்த நீர்த்த மலம் அவனை அறியாமல் வழிந்துகொண்டிருந்தது. பேதி என்று எல்லாரும் பெயர் வைத்த அது மலச்சிக்கலின் உச்சம். சோம்பலுக்காகவோ பிடிவாதத்துக்காகவோ எந்தக் குழந்தையும் உள்ளாடையில் போவதில்லை என்பதைப் பள்ளிகளில் பணிபுரிபவர்கள் எல்லாருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். அந்தப் பையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பேரன்பாட்டி எழுதியது:

என் பேரனுக்கும் இருந்தது, சரியாகிவிட்டது. ஒருநாள் அவன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, உள்ளே கல் இருக்கு" என்று அழுதான். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுப் பழக்கவழக்கங்களை மாற்றத் தொடங்கினோம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் பிள்ளைகளை வளர்த்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பாலைக் குறையுங்கள். சாப்பிட மறுக்கிறான் என்று காலை, மாலை, இரவு என டம்ளர் டம்ளராகப் பால் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், சோறும் காயும் இறங்காது. உலர் திராட்சையை இரவே ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். கொய்யா, பப்பாளி, முருங்கைக்கீரை, வெண்டைக்காய் இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிஸ்கட்டையும் மைதாப் பண்டங்களையும் வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். எங்கள் காலத்தில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்போம், உடனே இறங்கிவிடும்; கைக்குழந்தைக்குச் சோப்புத் துண்டைச் சீவி வைப்பதும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் புகட்டினால் குடலும் சுத்தமாகும். மாதக்கணக்கில் பொடி கொடுத்தால் குடல் அதற்கே பழகிவிடும், பிறகு அது இல்லாமல் போகவே வராது. பிள்ளைக்கு எதற்காக இத்தனை சிறு வயதில் மருந்து? பொறுமையாக உட்கார வைத்து, கதை சொல்லி, போன பிறகு பாராட்டினால் தானாகச் சரியாகும்.

வார்டுசெவிலி எழுதியது:

பேரன்பாட்டி அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். பால் பற்றியும் கதை சொல்லி உட்கார வைப்பது பற்றியும் அவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மற்றவற்றில் சிலவற்றுக்கு மறுப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவற்றின் விளைவைக் குழந்தைகள் வார்டில் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

"பழகிவிடும்" என்ற அச்சத்தால் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு, முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வரும் பிள்ளைகள்தான் அதிகம். பாலிஎத்திலீன் கிளைக்கால் பெரும்பாலும் ரத்தத்தில் கலப்பதே இல்லை; தான் பிடித்துவைத்த நீரோடு குடல் வழியாகவே பயணம் செய்து, மலத்தை இளக்கிவிட்டு வெளியேறிவிடுகிறது. குடலைச் சோம்பேறியாக்குவது மருந்தன்று, தேங்கி நிற்கும் மலம்தான். விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்வைப் பெறவே மாதங்கள் ஆகும் என்பதால்தான் இத்தனை நீண்ட வைத்தியம். 2014-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது 2 மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும், தொல்லைகள் எல்லாம் நீங்கி ஒரு மாதமான பிறகே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டு நிபுணர்கள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, மருந்தோடு 6 மாதமாவது இயல்பாகப் போய்க்கொண்டிருந்த பிறகுதான் குறைக்கத் தொடங்கலாம் என்கிறது. இரண்டுமே முதல் மருந்தாகச் சொல்வது இந்தப் பொடியைத்தான். அது ஒத்துவராத இடத்தில்தான் லாக்டுலோஸ் என்ற இன்னொரு மலமிளக்கி.

விளக்கெண்ணெயைப் புகட்டும்போது திமிறும் குழந்தைக்குப் புரையேறி, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். காம்பும் சோப்பும் ஆசனவாயின் மென்மையான தோலைப் புண்ணாக்கும். அது மட்டுமன்று, ஏற்கெனவே அந்த இடத்தில் வலியை அஞ்சி அடக்கும் பிள்ளைக்கு அங்கேயே இன்னொரு வலியைக் கொடுத்தால் அச்சம் எப்படிப் போகும்? நார்ச்சத்து நல்லது, வயதுக்குரிய அளவு கட்டாயம் வேண்டும். ஆனால் உள்ளே அடைப்பு இருக்கும்போது கீரையும் கொய்யாவும் மட்டும் அதைக் கரைத்துவிடாது, வயிறுதான் உப்பும்.

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் என் தங்கையின் மகன். ஒரு கிளினிக்கில் அவனுக்கு எனிமா கொடுத்தபோது கைகளை ஒருவரும் கால்களை ஒருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். அடுத்த பல வாரங்களுக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பிட்டத்தை இரு கைகளாலும் மறைத்துக்கொண்டான். தேங்கிய மலத்தை வெளியேற்றுவதில் வாய்வழி மருந்தும் எனிமாவுக்கு நிகராகவே வேலை செய்கிறது. ஆகவே மருத்துவர் எனிமாவைச் சொன்னால், வாய்வழியாக முயன்று பார்க்கலாமா என்று பெற்றோர் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

சேலத்துக்காரி எழுதியது:

செவிலிச் சகோதரி எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். அதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. எல்லாக் குழந்தைகளின் மலச்சிக்கலும் அடக்குவதால் வருவதன்று.

என் இளைய மகனுக்கு வயிறு எப்போதும் உப்பியே இருக்கும், எடை ஏறவே இல்லை. சிரப் மாற்றிச் சிரப் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியாகப் பார்த்த குழந்தைகள் அறுவை மருத்துவர் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே, "பிறந்து எத்தனை மணி நேரம் கழித்துக் காட்டுப்பீ போனான்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மூன்றாம் நாள் என்று என் அம்மா உடனே சொன்னார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதைச் சொன்னது நல்லதாயிற்று" என்றார்.

ஆரோக்கியமான, நிறைமாதக் குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமையான அந்த முதல் மலத்தைக் கழித்துவிட வேண்டும். என் மகனுக்கு இருந்தது ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற மருத்துவர் 1886-இல் விவரித்ததால் அந்தப் பெயர். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் உருவாகாமல் போவதால் அந்தப் பகுதி தளராது, மலம் அதற்கு மேலேயே நின்றுவிடும். மலக்குடலிலிருந்து சிறு திசுவை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்தார்கள். அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியை அகற்றி, நல்ல குடலை இறக்கி இணைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். முதல் மலம் தாமதமானது, பிறந்த மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியது, வயிறு உப்பிக்கொண்டு பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

நெல்லைத் தந்தை எழுதியது:

சேலத்துச் சகோதரி, அந்தக் கேள்வியை எங்கள் மருத்துவரும் முதலிலேயே கேட்டார். என் மகன் பிறந்த அன்றே போய்விட்டிருந்தான், வளர்ச்சியும் சரியாக இருந்தது, ஆகவே மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படவில்லை. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு அடக்கும் பிள்ளைகளின் பெற்றோர் திசுப் பரிசோதனை கேட்டு அலைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடலில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை.

பேரன்பாட்டி எழுதியது:

செவிலி மகளே, புரையேறுவதைப் பற்றி நீ சொன்னதைக் குறித்துக்கொண்டேன், சோப்பும் இனி வேண்டாம். ஆனாலும் வெறும் பொடியை நம்பிச் சாப்பாட்டையும் உட்காரும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்வதை நான் விடமாட்டேன்.

காவிரிக்கரை எழுதியது:

பாட்டி அம்மா, அதை விடவே வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்துதான் நடக்கின்றன. உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்குவதால், காலை உணவும் இரவு உணவும் முடிந்த கையோடு ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வைக்கிறோம். மேற்கத்தியக் கழிவறையில் அவளுடைய கால்கள் அந்தரத்தில் தொங்கியதால், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும்படி கீழே ஒரு முக்காலி போட்டோம். ஊன்ற இடம் கிடைத்ததும் அவள் உடல் இறுக்கம் தளர்ந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பலூன் ஊதச் சொன்னால் வயிற்றுத் தசை தானாக அழுத்தம் கொடுக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்காகவே நாட்காட்டியில் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறோம், வராத நாளில் யாரும் முகம் சுளிப்பதில்லை. மலத்தின் தன்மையையும் அதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போவதால், அளவைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கு எளிதாக இருக்கிறது.

பொடியை எதில் கலப்பது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொடுங்கள், தண்ணீரைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது. சுவை பிடிக்காவிட்டால் பழச்சாற்றில் கலக்கலாம். எங்கள் மகள் குளிர்ந்த மாதுளைச் சாற்றில் என்றால் மறுக்காமல் குடிக்கிறாள். உப்புகள் சேர்த்த பொடி, சேர்க்காத பொடி என இரண்டு வகை உண்டு. சேர்க்காததற்குச் சுவையே தெரியாது என்பதால், உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.