குயினோவா: வாயில் வைக்க முடியவில்லை, புழு மாதிரி வேறு ஏதோ. அவசரம்!

உப்புக்காற்று (கீழக்கரை), மாலை 6.10
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாப்பாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) சோற்றுக்குப் பதிலாக ஒரு கிலோ குயினோவா கொடுத்தனுப்பினார். இன்றுதான் முதல் தடவை சமைத்தேன். களி மாதிரி ஆகிவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம், வெந்த பிறகு ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாகச் சுருண்டு புழு மாதிரி ஒன்று வெளியே வந்திருக்கிறது. உம்மா பார்த்துவிட்டு மொத்தப் பாக்கெட்டையும் கோழிக்குப் போடச் சொல்கிறார். இஷா தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா சாப்பிட உட்கார்ந்துவிடுவார். சீக்கிரம் சொல்லுங்கள்.

தொண்டி அக்கா, 6.22
முதலில் கோழியை நிறுத்துங்கள். அது புழு இல்லை. குயினோவா மணியைச் சுற்றி முளைக்கரு ஒரு வளையம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்ததும் அது கழன்று வால் போல நிற்கும். வால் தெரிந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். வேகாத மணி ஒன்றை உம்மாவின் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டுங்கள், விளிம்பில் கோடு தெரியும். நானும் முதல் தடவை சல்லடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடியவள்தான்.
சரி, கழுவினீர்களா?

வலைக்காரன் (பாம்பன்), 6.25
எத்தனை டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்? குக்கரா, சட்டியா? எத்தனை விசில்? வெள்ளையா, சிவப்பா, கறுப்பா? ஒன்றுமே சொல்லாமல் "சமைத்தேன்" என்றால் நாங்கள் என்ன செய்வது தம்பி?

பனையடி (சாயல்குடி), 6.31
கசக்கிறதா, கரிக்கிறதா? இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் வீண். நம் கரையில் பாதிக் கிணறு உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் வேகவைத்திருந்தால் காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். சோறு என்றால் கஞ்சியை வடிக்கிறோம், உப்பில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். குயினோவாவை யாரும் வடிப்பதில்லை. ஊற்றிய தண்ணீர் முழுவதையும் அது குடித்துவிடும், தண்ணீரில் இருந்த உப்பும் உள்ளேயே தங்கிவிடும். எனக்குத் தெரிந்து பத்துக்கு எட்டுச் சமையல் கோளாறு தண்ணீர்க் கோளாறுதான்.

வலைக்காரன், 6.33
அண்ணனுக்குப் பருப்பு வேகாவிட்டாலும் தண்ணீர்தான், பஸ் வராவிட்டாலும் தண்ணீர்தான். இது குக்கர் வேலை. அரிசி என்று நினைத்து நான்கு விசில் விட்டிருப்பார்.

உப்புக்காற்று, 6.40
தம்பி இல்லை, தங்கச்சி. அரிசி களைவது போல இரண்டு தடவை களைந்தேன். அரிசிக் கூடையில் வடித்தபோது பாதி ஓட்டை வழியாகப் போய்விட்டது, அது தனிக் கதை. வெள்ளைதான். குக்கர்.

வலைக்காரன், 6.41
விசில்?

பனையடி, 6.41
தண்ணீர்?

பழைய கணக்கு (மூத்த உறுப்பினர்), 6.58
இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்ப்பது என்ற பழக்கம் ஒழிந்துபோனதால் மறுபடியும் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.
குயினோவா நெல், தினை போலப் புல்லில் விளையும் தானியமே அல்ல. அது கீரைக் குடும்பத்துச் செடியின் விதை. நம் சக்கரவர்த்திக் கீரைக்கு நெருங்கிய சொந்தம். பெரு, பொலிவியா மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருவது. விதையின் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் உண்டு. பூந்திக்கொட்டையை ஊறவைத்தால் நுரை வருகிறதே, அதற்குக் காரணமும் இதே வகைப் பொருள்தான். பறவைகள் தின்றுவிடாமல் இருக்கச் செடி போட்டுக்கொண்ட காவல். அரிசியைப் போல இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் களைந்துவிட்டேன் என்று சொல்வது அறியாமை. கால் மணி நேரம் ஊறவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்து, நுரை அடங்கும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். கழுவிய சரக்கு என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒருமுறை அலசுவது நல்லது.

தொண்டி அக்கா, 7.04
விவரம் சரி ஐயா, "அறியாமை" எதற்கு? பிள்ளை முதல் தடவை செய்கிறது. அது போகட்டும், பறவை தின்னாது என்றால் உம்மாவின் கோழியும் சீந்தியிருக்காது போலிருக்கிறதே.
தங்கச்சி, கூடை வேண்டாம். டீ வடிகட்டி, இல்லையென்றால் பழைய வெள்ளை வேட்டித் துணி. துணியில் மூட்டையாகக் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் கசக்கினால் ஒரு மணி கூட வீணாகாது.

பனையடி, 7.09
நுரை அடங்கும்வரை என்கிறார் பெரியவர். உவர்த் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. நுரை இல்லை என்று நம்பி ஏமாந்துவிடுவார்கள்.

பழைய கணக்கு, 7.13
சோப்பு வேறு, பூந்திக்கொட்டை வேறு. உங்கள் கிணற்றடியில் ஒரு கொட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

தொண்டி அக்கா, 7.15
நுரையை விடுங்கள். கழுவியதில் நாலு மணியை வாயில் போட்டு மெல்லுங்கள். கசப்பு இல்லையென்றால் அடுப்பில் ஏற்றுங்கள்.

வேம்பார்க் காற்று, 7.21
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கமுதிப் பக்கம் குதிரைவாலி விளைந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு உலகத்தின் மறுகோடியிலிருந்து விதை வரவழைத்து, கழுவி, கசக்கி, அழுது... இது தேவையா? இதைச் "சீமைத்தினை" என்று வேறு எழுதுகிறார்கள். தினைக்கும் இதற்கும் என்ன உறவு?

வலைக்காரன், 7.26
அண்ணே, உங்கள் வீட்டு மீன் குழம்பில் போடும் குண்டு மிளகாய் எங்கிருந்து வந்தது? மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான், போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தது. இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டோம். சீமையிலிருந்து வந்தது நம் மண்ணில் ஊன்றிவிட்டால் நம்முடையதுதான்.

வேம்பார்க் காற்று, 7.30
மிளகாய் ஊன்றியது. இந்தக் குயினோவா விமானத்தில்தானே வந்தது? குதிரைவாலிக்குப் பாக்கெட் அழகாக இல்லை, அதுதான் அதன் குற்றம்.

பழைய கணக்கு, 7.38
இருவருக்கும் சேர்த்து: ஐ.நா. 2013ஐக் குயினோவா ஆண்டாக அறிவித்தது, 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கணக்கு நேராகிவிட்டது. தலைப்புக்குத் திரும்பவும்.

பனையடி, 7.44
தலைப்புக்கு வெளியேதான், ஆனாலும் கேட்கிறேன். பொலிவியாவின் உப்புப் பாலைவனத்து ஓரத்திலேயே இது விளைகிறதாமே. நம் உவர் நிலத்தில் போட்டால் என்ன?

பழைய கணக்கு, 7.49
உப்பைத் தாங்கும். வெயிலைத்தான் தாங்காது. அது குளிர்ந்த உயர்நிலத்துச் செடி, பூக்கும் நேரத்தில் அனல் அடித்தால் மணி பிடிக்காமல் போகும். நம்மூரில் போடுவதென்றால் மழைக்காலம் முடிந்து குளிர் மாதங்களில் முயலலாம். இதற்குத் தனி இழை தொடங்கவும்.

வலைக்காரன், 7.52
விசில் எத்தனை என்று இன்னும் பதில் வரவில்லை.

உப்புக்காற்று, 7.55
விசில் ஐந்து. ஒன்றுக்கு மூன்று தண்ணீர். பைப்பில் நல்ல தண்ணீர் வர நான்கு நாள் ஆகிவிட்டது, அதனால் கிணற்றுத் தண்ணீர்தான். கசப்பும் உண்டு, கரிப்பும் உண்டு, உப்பை நான் வேறு தனியாகப் போட்டேன். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வாப்பாவுக்கு இன்றைக்குக் கோதுமைத் தோசை ஊற்றிவிட்டேன்.

பனையடி, 7.56
கிணற்றுத் தண்ணீர்!!

வலைக்காரன், 7.56
ஐந்து விசில்!!

தொண்டி அக்கா, 8.05
நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரில் ஒரு செம்பு இதற்கென்று ஒதுக்குங்கள். அலசுவதைக் கிணற்றுத் தண்ணீரிலேயே முடித்து, கடைசி அலசலும் வேகவைப்பதும் மட்டும் நல்ல தண்ணீரில். நன்றாக வடித்துவிட்டு, வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்தால் மணம் வரும். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிக் கால் மணி நேரம். இறக்கிய பிறகு பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். குக்கர்தான் வேண்டும் என்றால் ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரே விசில், ஆவி தானாக அடங்கட்டும்.
இன்று குழைந்ததை என்ன செய்வது என்று கேட்பீர்கள். குழைந்தது மட்டும் என்றால் நோன்புக் கஞ்சியில் சேர்த்துவிடலாம், இல்லை கடலை மாவோடு அடை தட்டலாம். கசப்பு எதில் போட்டாலும் போகாது. கொட்டிவிடுங்கள்.

பழைய கணக்கு, 8.11
சர்க்கரைக்கு மருந்து என்று நினைத்து வாப்பாவுக்குத் தட்டு நிறைய வைக்க வேண்டாம். வெந்த குயினோவா 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 21 கிராம், அரிசிச் சோற்றில் சுமார் 28. குறைவுதான், இல்லாமல் இல்லை. மாத்திரையை நிறுத்துவது பற்றி யாராவது பேசினால் மருத்துவரிடம் அனுப்பவும்.

உப்புக்காற்று, மறுநாள் மதியம் 2.20
வந்துவிட்டது. உதிரி உதிரியாக. ஐந்து தண்ணீர் மாற்றினேன், குடத்துத் தண்ணீரில் வேகவைத்தேன், குக்கரைத் தொடவில்லை. வாப்பா கணவாய்க் கறியோடு சாப்பிட்டார். உம்மா ஒரு வாய் எடுத்தார், ஆனால் "புழுச்சோறு" என்ற பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. அடுப்பில் வேலை இருக்கிறது.

பனையடி, 2.26
சொன்னேனா, தண்ணீர்!

வலைக்காரன், 2.27
குக்கரை விட்டதால் வந்தது அண்ணே.

பழைய கணக்கு, 2.40
மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வந்து நிற்கிறார். எது காரணம் என்று இனி யார் கண்டது? தங்கச்சி, நேரம் கிடைத்தால் நன்கு கழுவிய குயினோவாவை ஒரு கைப்பிடி கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்துச் சொல்லவும்.

புதிய உறுப்பினர் (பெரியபட்டினம்), இரண்டு நாள் கழித்து
இதில் தொதல் அல்வா கிண்டலாமா?