ஒயிலாட்டக் குழுவில் ஒரு காலி இடம்: யோசனை சொல்லுங்கள்

கேள்வி:
அரசுப் பள்ளியில் ஒயிலாட்டம் பழக்குகிறேன். முன்வரிசையில் ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பெண் காய்ச்சலில் இறந்துவிட்டாள். வட்டார அளவிலான கலைத் திருவிழா நெருங்குகிறது. அவள் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தக்கூடாதென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். படத்தை ஏந்தி ஆடலாம் என்கிறாள் ஒருத்தி. எனக்கு மனம் ஒப்பவில்லை; நடுவரிடம் இரக்கம் கேட்பது போல ஆகிவிடும்.

பதில் 1:
டீச்சர், படம் வேண்டாம். இடத்தைக் காலியாக விடுங்கள். ஆனால் வரிசைகள் இடம் மாறும் அடவில் அவளுக்கு எதிரே நிற்பவள் தடுமாறுவாள். துணியை வீசித் திரும்பும்போது கண் பதிக்க ஆள் இருக்காது. அவளைத் தனியாகப் பழக்குங்கள். பாட்டின் வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள், அது ஒப்பாரியாகிவிடும். குறைந்தபட்ச எண்ணிக்கை ஏதும் உண்டா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
முதலில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கேட்டவர்:
கேட்டேன். மேடையில் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். மகளின் சலங்கையை எடுத்து வந்து, "சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும், யாராவது கட்டட்டும்" என்று கொடுத்தார். எதிரே ஆடுபவளுக்கே கட்டிவிட்டேன். வார் மட்டும் பெரிது. கூடுதலாக ஒரு துளை போட வேண்டும்.