அசோகமித்திரன் நடை: இந்த எளிமை எப்படி வேலை செய்கிறது?

தெருவிளக்கு:
எழுத்தாளர் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை முடித்துவிட்டு ‘18வது அட்சக்கோடு’ நாவலில் பாதியில் இருக்கிறேன். வர்ணனை இல்லை, உவமை தேடினாலும் அகப்படுவதில்லை. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. இதே பாணியில் எழுத முயல்கிறவர்களின் பக்கங்கள் மட்டும் ஏன் எஃப்.ஐ.ஆர் மாதிரி வறண்டு போகின்றன?

மெய்ப்பு:
சின்ன வாக்கியம்தான் ரகசியம் என்று நினைத்துவிடுகிறார்கள். அவரிடம் நீள வாக்கியமும் தாராளமாக உண்டு. வருத்தம், பயம் என்று சொன்னாலும் ஒரு சொல்லோடு விட்டுவிடுவார், விளக்க உட்காரமாட்டார். ஆனால் பொருள்களை விடவேமாட்டார். அவருடைய ‘எலி’ சிறுகதையைப் பாருங்கள். பொறியில் வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை என்று கணேசன் மசால்வடை வாங்கிவருகிறான். எலி மாட்டுகிறது, வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் காக்கை கொத்திக்கொண்டு போகிறது. அப்புறம் பார்த்தால் வடை பொறிக்குள் தின்னப்படாமலே கிடக்கிறது. மொத்தக் கனத்தையும் அந்த வடை தாங்குகிறது. அது வாங்கப்பட்ட விதம் முன்னாலேயே சாவகாசமாகச் சொல்லப்பட்டிருப்பதால்தான் தாங்குகிறது. போலி செய்கிறவர்கள் உணர்ச்சியோடு வடையையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

பயிற்சி வேண்டுமென்றால்: அந்தக் கதையில் ஒரு பக்கத்தைக் கையால் நகலெடுங்கள். பிறகு உங்கள் பக்கத்தில் ‘ஏனோ’, ‘இனம்புரியாத’, ‘போல’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தேவைப்படாது. அதன்பின் பக்கம் காலியாகத் தெரிந்தால், ஆள் கையில் என்ன இருந்தது, எவ்வளவு கொடுத்து வாங்கினான், யார் குறுக்கே வந்தார்கள் என்பதைச் சேருங்கள். உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

நடுப்பக்கம்:
கதை சொல்லும் கோணத்தையும் கவனிக்க வேண்டும். ‘18வது அட்சக்கோடு’ நாவலில் நாயகன் சந்திரசேகரன் சில இடங்களில் ‘நான்’, சில இடங்களில் ‘அவன்’. மாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், முன்னும் பின்னும் அவனுக்கும் நமக்கும் உள்ள தூரம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று தெரியும். சினிமா உலகைப் பற்றிய நாவலான ‘கரைந்த நிழல்க’ளில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறிவிடுவான். ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை வேலை பார்த்தவர் என்பதால் சினிமாவின் பளபளப்பை விட்டு வண்டி, சாப்பாடு, பாக்கிப் பணம் என்றே எழுதுகிறார்.

மெய்ப்பு:
ஆமாம். எளிமை எளிமை என்று பேசிப் பேசி அவருடைய கிண்டலை எல்லோரும் மறந்துவிடுகிறோம், அது தனிக் குறை.

தெருவிளக்கு:
‘தண்ணீ’ரில் டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி நாயகி ஜமுனாவிடம் பேசுகிற இடம்? அங்கே எல்லாம் வெளிப்படையாகத்தானே வருகிறது?

நடுப்பக்கம்:
அது பாத்திரத்தின் பேச்சு. கதைசொல்லி அதன்மேல் ஒரு வார்த்தை கருத்துச் சொல்கிறாரா பாருங்கள். ‘18வது அட்சக்கோடு’ கடைசிப் பக்கங்களிலும் இதைத்தான் பார்க்க வேண்டும். பாதியில் இருக்கிறீர்கள் என்பதால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தைச் சொன்ன அதே குரலில்தான் அதையும் சொல்லியிருப்பார்.