சிங்கப்பூர் ரேஸுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதீர்கள்

"அண்ணா, அடுத்த வருடம் சிங்கப்பூர் எஃப்1 கார் ரேஸ் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் மட்டும் எடுத்தால் போதுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். போதாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்ல நான் போய் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பர். மச்சானும் நானும். அவன் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பதினைந்து வருடமாக டிவியில் ரேஸ் பார்க்கிறவன். "ஒரு தடவையாவது அந்தச் சத்தத்த நேர்ல கேட்டுடணும் மாமா" என்று நச்சரித்தே என்னைக் கிளப்பினான்.

டிக்கெட், அறை, விசா, விமானம் இந்த நான்கில் தலைவலி அறைதான். ரேஸ் வாரத்தில் அங்கே அறை வாடகை தாறுமாறாக ஏறும். நான் சாமர்த்தியமாக மார்ச்சிலேயே சாதா விலையில் ஒரு அறையைப் பிடித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, 'விலை தவறுதலாகக் காட்டப்பட்டுவிட்டது, முன்பதிவை ரத்து செய்கிறோம்' என்று ஒரு மெயில். அதே அறை அப்போது மூன்று மடங்கு. பணம் திரும்பி வந்தது, சரி. ஆனால் அதற்குள் மலிவாக இருந்த இடமெல்லாம் போயிருந்தது. கடைசியில் லிட்டில் இந்தியாவில் பத்துப் பேர் தூங்கும் டார்மிட்டரியில் மேலும் கீழுமாக இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் விட்ட குறட்டை தனி ரேஸ். ஆனாலும் இடம் அருமை. டவுன்டவுன் லைனில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ப்ராமனேட், ட்ராக்கின் வாசல். காலையில் தேக்கா மார்க்கெட்டில் இட்லி. மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன், கட்டிலை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

விசா அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான். அப்புறம் எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்று, போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி டிக்கெட். நகரச் சாலைகளையே மூடி அமைக்கிற மெரினா பே ட்ராக்கை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் மண்டல டிக்கெட் இருந்தால் எல்லா இடத்துக்கும் போகலாம். நான்காம் மண்டலம் என்றால் படாங் மைதானத்தைச் சுற்றியுள்ள பகுதியோடு சரி. நாங்கள் எடுத்தது நான்காம் மண்டல வாக்கபவுட், மூன்று நாளுக்கும்: வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்று, ஞாயிறு ரேஸ். வாக்கபவுட் என்றால் இருக்கை கிடையாது. கிடைத்த இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் பயிற்சிச் சுற்று. வேலிப் பக்கம் கூட்டமே இல்லை. நேராக இருக்கிற சாலையில், வண்டி முழு வேகத்தில் போகிற இடமாகப் பார்த்து நின்றோம். முதல் கார் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நிறம் கிழிந்துகொண்டு போனது, அதற்குப் பிறகுதான் நெஞ்சில் ஒரு அடி. மச்சான் போனை நீட்டிப் பிடித்திருந்தான். எடுத்துப் பார்த்தால் இருபது வீடியோவிலும் காலிச் சாலை, ஒரு மூலையில் யாருடைய காரோ ஒன்றின் பின் இறக்கை.

அங்கே ஒரு பெரியவர், வாசலில் வழி சொல்கிற வேலை, அறுபது வயது இருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஊர்லேருந்தா வர்றீங்க? இங்க நின்னா ஒண்ணும் தெரியாது. பிரேக் போடற இடத்துக்குப் போங்க" என்றார். வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் அது குறைகிற இடத்தில் நிற்க வேண்டும். இவ்வளவு வருடம் டிவி பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

கிரிக்கெட் கிளப் பக்கம் வளைவுக்குப் போனோம். அங்கேதான் ரேஸ் கார் என்றால் என்னவென்று தெரிந்தது. இதற்கு மேல் பிரேக் பிடித்தால் சுவர்தான் என்று நாம் பதறும் நொடிக்கும் பிறகுதான் பிடிக்கிறார்கள். கியர் ஒவ்வொன்றாக இறங்கும்போது பட்டாசுச் சரம் மாதிரி டப் டப் டப். சக்கரத்துக்குள் பிரேக் தட்டு ஆரஞ்சாகப் பழுத்திருப்பது இருட்ட இருட்ட இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே வளைவில் இரண்டு ஓட்டுநர்கள் வேறு வேறு மாதிரி திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. மச்சான் போனைப் பைக்குள் வைத்துவிட்டான். இரண்டாவது பயிற்சி முடிகிற வரை அங்கிருந்து நகரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிலைமையே வேறு. ரேஸ் இரவு 8 மணிக்கு. அதே வளைவில் மத்தியானமே ஆட்கள் இடம் பிடித்திருந்தார்கள். நாங்கள் ஐந்து மணிக்குப் போய் மூன்றாவது வரிசையில் நின்றோம். ஒருவன் கழிவறைக்குப் போனால் இன்னொருவன் இடத்தைக் காக்க வேண்டும். 62 சுற்று. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நிற்பவரின் தொப்பிக்கும் தோளுக்கும் நடுவில் கார்கள் போகும். யார் முதல், யார் இரண்டாவது என்பதற்குப் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவும் எப்படிப்பட்ட ரேஸ்! அந்த வருடம் அதுவரை நடந்த எல்லாப் பந்தயத்தையும் ரெட்புல் அணியே ஜெயித்திருந்தது. அன்றைக்குத்தான் அது உடைந்தது. முன்னால் போன ஃபெராரியின் சைன்ஸ், பின்னால் வந்த மெக்லாரன் அணியின் நோரிஸை வேண்டுமென்றே ஒரு நொடி இடைவெளிக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் நோரிஸுக்கு டிஆர்எஸ் (பின் இறக்கையைத் திறந்து கூடுதல் வேகம் எடுக்க அப்போதிருந்த வசதி) கிடைக்கும், அதை வைத்து அவர் பின்னால் புது டயரில் பாய்ந்து வந்த ரஸலையும் ஹாமில்டனையும் தடுப்பார். எதிரிக்குக் கத்தியைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்துகிற வேலை. கடைசிச் சுற்றில் ரஸல் சுவரில் மோதினார். எங்கே தெரியுமா? பத்தாவது வளைவு. நாங்கள் நின்ற இடத்துக்கு வெகு பக்கம். அதையும் நாங்கள் திரையில்தான் பார்த்தோம்.

அதனால்தான் சொல்கிறேன். ரேஸை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டு சோபாதான். காரைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை.

* * *

அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. நான் கோயம்புத்தூர், மலேசியாவின் செபாங் ட்ராக்கில் ரேஸ் பார்த்த ஆள். அங்கே எஃப்1 1999 முதல் 2017 வரை நடந்தது, நான் போனது 2012 மார்ச். காரணம் ஒன்றே ஒன்று: நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டி அணியின் காரில் ஓடினார்.

பணம் மிச்சம் பிடிக்க கூரை இல்லாத புல்மேட்டு டிக்கெட் எடுத்தேன். செபாங்கில் சாயங்கால மழை எப்போது வேண்டுமானாலும் வரும், ரேஸோ மாலை 4 மணிக்கு. என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடு சேறாகி ஆளாளுக்குச் சறுக்கு மரம் ஏறிக்கொண்டிருந்தோம். ரேஸைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். அப்போது வரிசையைப் பார்த்தால் நரேன் பத்தாவது இடத்தில்! தொடக்கத்திலேயே முழு மழை டயரில் கிளம்பியதன் பலன். கடைசி வரிசைகளில் நிற்கிற கார் அது. பக்கத்தில் இருந்த மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒன்று, முன்பின் தெரியாதவர்கள், என் கையைப் பிடித்துக் குதித்தார்கள். அந்த அம்மா ஒரு டப்பா முறுக்கையே என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் வெட்டல் நரேனைத் தாண்டும்போது உரசி டயர் கிழிந்து, புள்ளியே இல்லாமல் போனதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெட்டல் ரசிகர்கள் நாலு பேர் என் பக்கமாக முறைத்தார்கள். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

செபாங்கில் இப்போதும் மோட்டோஜிபி பைக் ரேஸ் நடக்கிறது. ட்ராக் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். கையில் காசு குறைவு என்றால் அதற்குப் போங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். மழைக்கோட்டும், போனுக்கு ஒரு ஜிப் கவரும்.

* * *

அறை விலைக்குப் பயந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரில் தங்கலாம் என்று யாராவது யோசித்தால், எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 2024-ல் நானும் வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தோம். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆகியிருந்தது, அறையும் சிங்கப்பூர் விலையில் கால்வாசி. எங்கள் சிங்கப்பூர் விசா பல முறை நுழையக் கூடியதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொண்டோம். ஒரே முறைதான் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நாங்கள் யோசிக்காதது வெள்ளிக்கிழமை இரவை. வார விடுமுறைக்கு ஜொகூர் போகிற கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான் பாலத்தில் நிற்கிறது. பயிற்சி முடிந்து கிளம்பி, அறைக் கதவைத் திறக்கும்போது மணி மூன்று. சனிக்கிழமை பயத்தில், இரவு ட்ராக்கிலேயே நடக்கும் பாட்டுக் கச்சேரியைக் கேட்காமலே ஓடி வந்துவிட்டோம். டிக்கெட் காசில் பாதி கச்சேரிக்குத்தான் என்று வீட்டுக்காரர் இன்னும் புலம்புகிறார். ஞாயிறு இரவு மட்டும் சுலபமாகக் கடந்தோம், அன்றைக்குக் கூட்டமெல்லாம் எதிர்ப் பக்கம்.

இன்னொன்று, பெண்களுக்கு: புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்கு நான் நடந்தது போன் கணக்கில் 14 கிலோமீட்டர். இரவில்தானே ரேஸ், குளிர்ச்சியாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். மெட்ராஸ் மே மாத ராத்திரி மாதிரி ஒரு புழுக்கம்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. அக்கா சொன்ன புழுக்கம் உண்மை. 2025 ரேஸுக்கு அதிவெப்ப எச்சரிக்கையே கொடுத்தார்கள். எஃப்1-ல் அதுதான் முதல் தடவை.

கேட்ட தம்பிக்கு ஒன்று விட்டுப்போச்சு. 2026 அக்டோபர் 9 முதல் 11 வரை நடப்பது ஸ்பிரின்ட் வாரம், அதாவது கூடவே ஒரு குட்டி ரேஸும் உண்டு, சிங்கப்பூரில் முதல் முறை. ஒரே ஒரு பயிற்சிதான். ஆனால் வெள்ளிக்கிழமையே ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச் சுற்று வந்துவிடுகிறது. இனி வெள்ளிக்கிழமையும் கூட்டம் இருக்கும், அதனால் முதல் பயிற்சிக்கே போய்விடுங்கள். நேராக பிரேக் போடும் இடத்துக்கு. இயர்பிளக் எடுத்துப் போங்கள், ஆனால் முதல் காருக்கு மட்டும் போடாதீர்கள்.

ரேஸ் முடிந்ததும் ட்ராக்கைத் திறந்துவிடுவார்கள், அதற்கும் இருங்கள். மச்சான் நடுச்சாலையில் குந்தி உட்கார்ந்து, டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகளைப் பொறுக்கினான். இன்னும் சூடும் பிசுபிசுப்புமாக, புளியங்கொட்டை அளவில். ஒரு கை நிறைய ஊருக்குக் கொண்டுவந்தான். அதில் பாதியை என் மாமியார் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டார். மிச்சம் பட்டறையில், லேத்துக்கு மேலே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.